தட்டு இல்லாத உறை

பெட்டியைக் கையில் வாங்கும்போதே உள்ளே ஏதோ கலகலத்தது.

மேலே தடித்த எழுத்தில், 'உடையும் பொருள், தயவுசெய்து பார்த்து' என்று எல்லாப் பக்கமும் எழுதியிருந்தது. மித்சுயேயின் கையெழுத்து.

உள்ளே அவள் கணவர், எங்கள் கடையின் பழைய வாடிக்கையாளர் ஒயிகாவாவின் கம்பளி மேல்சட்டை. பச்சைப்பிள்ளையைச் சுற்றுவதுபோல் அதில் சுற்றி வைத்த இசைத்தட்டு. உறையில் ஒரு கீறல் கிடையாது. தட்டு மட்டும் மூன்று துண்டு.

இசைத்தட்டைத் தபாலில் அனுப்ப மெத்தை உதவாது. இரண்டு பக்கமும் விறைப்பான அட்டை வேண்டும். எங்களுக்குத் தெரியும், அவளுக்கு எப்படித் தெரியும்? வீட்டில் இருந்ததிலேயே மிருதுவானதைத் தேடி எடுத்திருக்கிறாள், பாவம்.

ஜப்பானில், மொரியோகாவில் எங்களுடையது ஜாஸ் கேட்கும் காப்பிக்கடை. கேட்க மட்டும்தான். 'பேசக் கூடாது' என்று சுவரில் எழுதியே மாட்டியிருக்கிறது.

என் கணவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன், மரியாதைக்கு இல்லை, கேலிக்கு. காப்பியில் கரண்டி சத்தம் வந்தாலே முறைக்கிற மனிதர் அவர்.

ஓடுகிற தட்டின் உறையை எல்லோரும் பார்க்கும்படி ஒரு தாங்கியில் நிறுத்தி வைப்பார். தட்டைத் திருப்பிப் போட்டால் உறையையும் திருப்பி வைப்பார். அதில் ஒரு நாளும் பிசகு வந்ததில்லை.

ஒயிகாவா எப்போதும் இடது ஒலிபெருக்கியை ஒட்டித்தான் உட்காருவார். சப்போரோவில் யாரோ மூன்று பேர் வாசித்து, கொஞ்சமாக அச்சடித்த தட்டு ஒன்று அவரிடம் இருந்தது. அவருக்கு அதுதான் உயிர். ஆனால் அடுக்குமாடி வீடு, காகிதம்போல் மெல்லிய சுவர். ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் கேட்க முடியும்.

"ஒரு நாள் கொண்டாறேன் மாஸ்டர். உங்க பெரிய ஸ்பீக்கர்ல ஒரு தடவ கேட்டுட்டாப் போதும், அப்புறம் செத்தாலும் கவலையில்ல" என்று கிளம்பும்போதெல்லாம் சொல்வார்.

அந்த ஒரு நாள் வரவே இல்லை. நோய் வந்து, சிபாவில் மகள் வீட்டுக்குப் போனார். போனவர் போனவர்தான்.

அவர் இறந்த நாற்பத்தொன்பதாம் நாள் அஸ்தியைக் குடும்பக் கல்லறையில் வைக்க இங்கே வருவதாக மித்சுயே போனில் சொன்னாள். அது முடிந்ததும் நேரே கடைக்கு வருவாளாம். அவர் ஆசைப்பட்டபடி அந்தத் தட்டைப் போட வேண்டுமாம். அதற்காகத்தான் முன்கூட்டியே அனுப்பியிருந்தாள்.

மாஸ்டர் தெரிந்த கடை, தெரியாத கடை எல்லாவற்றுக்கும் போன் போட்டார். பாதிப் பேர் அப்படியொரு தட்டையே கேள்விப்பட்டதில்லை.

"உள்ளதைச் சொல்லிடலாமே" என்றேன்.

"வேணாம். தானே ஒடச்சிட்டோம்னு காலத்துக்கும் அழுவாங்க. வேற மூணு பேர் வாசிச்சதப் போடறேன். அவங்க எங்க கேட்டிருக்கப் போறாங்க? சத்தம் எல்லாம் அவரு காதுக்குள்ளதானே போச்சு."

தாங்கியில் நிறுத்திய உறை ஒன்று, போடப்போகிற தட்டு வேறு. மாஸ்டர் அதை ஊசியின் அடியில் தயாராக வைத்தார்.

மித்சுயே கோயிலிலிருந்து கறுப்பு உடையோடு அப்படியே வந்தாள். இடது ஒலிபெருக்கி அருகே அவருடைய நாற்காலியில், நான் மடித்துப் போட்டிருந்த கம்பளிச் சட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்தாள். தாங்கியில் இருந்த உறையைப் பார்த்துத் தலை குனிந்து வணங்கினாள்.

பியானோ தொடங்கியது. மாஸ்டர் சத்தத்தை நன்றாகவே கூட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தாள். உறையைப் பார்த்தாள். பிறகு மாஸ்டரைப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே துடைத்த கோப்பையை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஒரு சத்தம் வந்தது. முதலில் ஒலிபெருக்கிக்குத்தான் கோளாறு என்று நினைத்தேன்.

மித்சுயே முனகிக்கொண்டிருந்தாள். உதடு பிரியாமல், மூக்கால், சுருதி சேராமல். மூலையில் இருந்த மாணவர்கள் இருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

அது பியானோவில் ஓடிய மெட்டு இல்லை. வேறொன்று.

ஹெட்போன் மாட்டிக்கொண்டு தட்டோடு கூடவே முனகியவருக்குத் தன் குரல் கேட்காது. அடுத்த அறையில் அரிசி கழுவிக்கொண்டிருந்தவளுக்குக் கேட்டிருக்கும். கல்யாணமான நாளிலிருந்து கேட்டிருக்கும்.

மாஸ்டர் மெல்லப் போய் ஊசியைத் தூக்கினார்.

கடை முழுக்க அவள் முனகல் மட்டும்தான். 'பேசக் கூடாது' அவள் தலைக்கு நேர் மேலே தொங்கியது. மாஸ்டர் அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஓரிடத்தில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அந்தச் செருமல் ஒயிகாவாவுடையது. வாசலில் எத்தனை முறை கேட்டிருப்பேன். இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

ஒருவழியாக முடிந்தது. அவள் ஆறிய காப்பியில் ஒரு வாய் குடித்தாள்.

"இன்னொரு பக்கமும் இருக்கு, மாஸ்டர்."

மாஸ்டர் எழுந்து போய், தாங்கியில் இருந்த உறையைத் திருப்பி வைத்தார்.