ரப்பர் ஹாரன்

"பாம்... பாம்..."

"வந்துட்டான்யா! ஆஸ்பத்திரி வாசல்னு ஒரு இது வேண்டாம்?" பூஜா காதைப் பொத்திக்கொண்டாள்.

பக்கத்துக் கட்டில் அன்புக்கரசிக்கு வாயெல்லாம் பல். பிறந்த குழந்தையை அள்ளிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள். பிள்ளை பெற்ற உடம்பு என்கிற நினைப்பே கிடையாது அவளுக்கு.

"தோ பாருடி, நைனா வந்துகீது! கையாட்டு, கையாட்டு!"

கீழே ஆட்டோவில் சாய்ந்து நின்ற பிரபு இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான்.

"தினம் இதே கூத்தா?" என்றாள் பூஜா.

"ரெண்டு ஹாரன்ல ஒண்ணு எனக்கு, ஒண்ணு பாப்பாவுக்குக்கா. உள்ள வுட மாட்டேன்றாங்க. பாவம், அது இன்னா பண்ணும்?"

பிரசவமான கொரோனா பெண்களுக்கென்று ஒதுக்கிய வார்டு அது. சொந்தக்காரர் ஒருத்தர்கூடப் படியேற முடியாது. சிந்தாதிரிப்பேட்டை அன்புக்கரசிக்கும் தி.நகர் ஜவுளிக்கடை மருமகள் பூஜாவுக்கும் அடுத்தடுத்த கட்டில் கிடைத்தது கொரோனா செய்த புண்ணியம். பூஜா மாசாமாசம் காட்டிவந்த நர்ஸிங் ஹோமில், 'பாசிட்டிவ்' என்றதும் கையை விரித்துவிட்டார்கள்.

அன்புக்கரசிக்காவது மடியில் குழந்தை இருந்தது. பூஜாவின் மகன் எடை குறைவாகப் பிறந்து, மேல் மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். சிஸ்டர் போனில் காட்டிய படத்தில்தான் பெற்றவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கோவில்பட்டியில் இருந்த அம்மாவுக்கோ ஊர்விட்டு ஊர் வர இ-பாஸ் கிடைக்கவில்லை. பக்கத்துக் குழந்தை பாலுக்கு அழும்போதெல்லாம் இவளுக்கு மார்பு கடுக்கும், அழுகை முட்டும்.

இந்த நேரம் பார்த்து, "உங்க வூட்டுக்காரு எப்பக்கா வருவாரு?" என்று அன்புக்கரசி கேட்டுவைத்தாள்.

"எங்க வீட்ல ரூல்ஸ் மீற மாட்டாங்க," வெடுக்கென்று சொன்னாள் பூஜா. "வரக் கூடாதுன்னா வர மாட்டாங்க."

சொல்லிவிட்டுப் போர்வைக்குள் புகுந்து, ரகசியமாகக் கணவன் சக்திவேலுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, ஒரு தடவை ரோட்டுல வந்து நின்னுட்டுப் போங்களேன். நான் ஜன்னல்ல இருந்து பார்த்துக்கறேன்."

"கிறுக்கா உனக்கு? அப்பாவுக்குச் சுகர் இருக்குல்லா? நான் அங்க வந்து எதையாவது ஒட்டவச்சுக்கிட்டுப் போனா? பழமெல்லாம் குடுத்து விட்டேன்லா, அப்புறம் என்ன?"

கடையும் மூடித்தான் கிடந்தது. தி.நகரிலிருந்து காரை எடுத்தால் எத்தனை நேரமாகிவிடும்? பூஜா போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் ஹாரன் சத்தம் கேட்டதும் அவளுக்கு எங்கிருந்துதான் அப்படி ஓர் ஆத்திரம் வந்ததோ!

"சிஸ்டர்! ஆஸ்பத்திரி வாசல்ல ஹாரன் அடிக்கலாமா? போர்டு எதுக்கு வச்சிருக்கீங்க? அந்த ஆளை முதல்ல துரத்துங்க!"

சிஸ்டர் வாட்ச்மேனிடம் சொல்ல, வாட்ச்மேன் பிரபுவைக் கன்னாபின்னாவென்று திட்டித் தீர்த்தான். பிரபு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

அன்புக்கரசி சண்டைக்கு வருவாள் என்றுதான் பூஜா நினைத்தாள். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவே பூஜாவுக்கு ஒரு மாதிரி இருந்தது.

அதன்பிறகு ஹாரன் எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்பிலிருந்து சன்னமாகக் கேட்டது. பஸ்தான் ஓடவில்லையே, அங்கே யார் கேட்கப்போகிறார்கள்?

ஒருநாள் காலையில் அன்புக்கரசிக்கு டிஸ்சார்ஜ். கிளம்பும்போது கட்டிலருகே வந்து நின்றாள்.

"வரேன்க்கா. உடம்பப் பாத்துக்கோ. பையன் சீக்கிரம் கைக்கு வந்துடுவான், பாரேன்."

பூஜா தலையை மட்டும் ஆட்டினாள்.

அன்று மாலை வார்டு கப்சிப். விட்டது தொல்லை என்று படுத்தவளுக்குப் படுக்கை கொள்ளவில்லை. காது ஜன்னல் பக்கமே போனது. சே, பாழாய்ப்போன அந்தச் சத்தத்துக்குப் போயா மனசு இப்படி ஏங்கும்? யாரோ யாருக்கோ அடித்த ஹாரன்தான். ஆனாலும் ஒரு மனுஷன் வந்து போகிறான் என்று இருந்தது. இனி அதுவும் இல்லை. பூஜா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

"பாம்... பாம்..."

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஜன்னலுக்குப் போனாள்.

பஸ் ஸ்டாப்பில் அதே ஆட்டோ. அதே பிரபு.

ஊரடங்கில் ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. முதல் மாடியிலிருந்து கொஞ்சம் குரலை உயர்த்தினாலே போதுமாக இருந்தது.

"இங்க என்ன பண்றீங்க? அன்புக்கரசிதான் காலையிலேயே போயிட்டாளே!"

"தெரியும்கா. நான்தானே இட்டுகினு போனேன்."

"அப்புறம் யாருக்கு ஹாரன்?"

பிரபு தலையைச் சொறிந்தான். "உனக்குத்தான்க்கா. அன்புதான் போய் அடிச்சிட்டு வான்னு அனுப்பிச்சு."

பூஜாவுக்கு மறைக்க மனசு வரவில்லை.

"அன்னிக்கு வாட்ச்மேன் உங்களைத் திட்டினானே... கம்ப்ளைன்ட் பண்ணது நான்தான்."

"அதுவும் தெரியும்கா. 'அந்தக்காவுக்குச் சத்தம் புடிக்காம இல்ல மாமா, தனக்குன்னு ஒருத்தரும் வந்து அடிக்கலியேன்னுதான்'னு அன்பு அன்னிக்கே சொல்லிச்சு."

அவன் ஆட்டோவுக்குள் கையை நீட்டி ஹாரன் ரப்பரை மறுபடி அமுக்கினான்.

"பாம்... பாம்..."

"ஒண்ணு உனக்கு. ஒண்ணு மேல் மாடில கீற உன் பையனுக்கு. அவனுக்குக் கேட்டிருக்கும் இல்லக்கா?"