கோபம் போதவில்லை

தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்தை ஒட்டிய மாடியறையில், போட்டிக்கு வந்த கவிதைகளை மின்விசிறி பறக்கடிக்கிறது. பத்திரிகை ஆசிரியர் வைரக்கண்ணு ஒரு கையால் தாள்களை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் மதிப்பெண் போடுகிறார். எதிரே ஜன்னலோரம் இன்னொரு நடுவர், கல்லூரி ஆசிரியை அனீஸா. கீழே, துபாய்க்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டின் கடையில் கண்ணாடி உடைந்து கொட்டுகிறது. "எங்க பாஸ்போர்ட்ட எங்கடா வச்சிருக்க?" என்ற கத்தல், சதையில் கட்டை விழுகிற சத்தம், தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஓர் அலறல். வைரக்கண்ணு எழுந்து ஜன்னலைச் சாத்துகிறார். 'கொதித்தெழு தோழா' என்று தொடங்கும் கவிதையைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார். "இதுல கோபம் போதலம்மா. அஞ்சு மார்க் போடலாமா?" அனீஸா ஜன்னல் கண்ணாடி வழியே கீழே பார்க்கிறாள். விழுந்து கிடக்கும் ஏஜெண்டின் தலைக்கு மேல் ஒருவன் இரும்பு ஸ்டூலை ஓங்கி நிற்கிறான். அவன் மூக்கிலிருந்து ரத்தம் வாய்க்குள் இறங்குகிறது. "சார், ஸ்டூல ஓங்கி நிக்கிறது என் தம்பி முபாரக்." அவள் சொல்லும்போதே, கடையின் பெயர்ப்பலகையைக் குறிவைத்து யாரோ எறிந்த கருங்கல் ஒன்று ஜன்னலைச் சிதறடித்துக்கொண்டு மேஜையில் வந்து விழுகிறது. வைரக்கண்ணு தலையிலிருந்து கண்ணாடித் துகள்களைத் தட்டிவிடுகிறார். கல்லை எடுத்துக் கவிதைக் கட்டின் மேல் வைக்கிறார். தாள்களின் ஓரம் மட்டும் துடிக்கிறது. "இனிமே பறக்காது. அடுத்தத எடுங்கம்மா" என்கிறார். எதிர் நாற்காலி காலியாக இருக்கிறது.