கடைசி ஆளுக்குப் பின்னால்

அவள் மறுபடியும் நின்றுவிட்டாள்.

அவரும் நின்றார்.

முந்தக் கூடாது. மாரத்தானில் கடைசி ஆளுக்கும் பின்னால் ஓடி வருவதுதான் அவர் வேலை. அடையாளத்துக்கு முதுகில் ஒரு மஞ்சள் கொடியைச் செருகிவிட்டிருந்தார்கள். முன்னால் போகிறவள் நடந்தால் அவரும் நடக்க வேண்டும். உட்கார்ந்தால் உட்கார வேண்டும். ஓட முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும் வேனில் அவள் ஏறிவிட்டால், அவரும் ஏறிக்கொள்ள வேண்டியதுதான்.

வேன் பக்கத்திலேயே ஊர்ந்து வந்தது. கதவு திறந்தே கிடந்தது.

கடற்கரைச் சாலையில் வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் கொடுத்தவர்கள் மேசைகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். முதலில் வந்தவன் இந்நேரம் குளித்து, இட்லி சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்திருப்பான்.

"நான் ஏறிடறேன் சார். காலு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

அவருக்குத் திக்கென்றது.

வேனில் ஏறினால் உடனே முடிவிடம். அப்புறம் வீடு. பூட்டைத் திறந்து உள்ளே போக வேண்டும்.

"இன்னும் கொஞ்சந்தாம்மா. அந்த வளைவு தாண்டினா வந்துடும்."

அந்த வளைவைத் தாண்டினால் இன்னொரு வளைவு வரும். அது அவருக்குத் தெரியும்.

தனக்காகத்தான் சொல்கிறார் என்று நம்பி, அவள் நடக்கத் தொடங்கினாள்.

"உங்களுக்குக் காலே வலிக்காதா சார்?"

வலிக்காது என்றால் பெருமையடிப்பது போலிருக்கும். அவர் தசைநார்க் கதையைச் சொன்னார். வேகமான நார்கள் பாய்ந்து ஓடிவிட்டுச் சீக்கிரம் ஓய்ந்துவிடும். மெதுவான நார்கள் அப்படியில்லை. இழுக்கிற மூச்சை வைத்தே பொறுமையாக வேலை பார்க்கும், லேசில் களைக்காது. அவர் தொடை முழுக்க அதுதான் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார்.

"கோழியில பாத்திருப்பீங்களே. நெஞ்சுக்கறி வெள்ளையா இருக்கும். நாள் பூரா நிக்கிற காலு மட்டும் சிவந்து கறுத்திருக்கும்."

அவள் சிரித்துவிட்டாள்.

அவர் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மனைவி திலகா சட்டியைத் துழாவி, இரண்டு கால் துண்டையும் அவர் தட்டில்தான் போடுவாள். அவள் படுத்த படுக்கையான பிறகு அவர் சமைத்தார். அப்போதும் கால் துண்டு அவருக்குத்தான் என்று படுக்கையிலிருந்தே குரல் கொடுப்பாள். அவளைத் தூக்கி, துடைத்து, புரட்டிப் படுக்கவைத்த அந்த வருடங்களில் அவருக்கு ஒரு நாளும் களைப்பு வரவில்லை. இன்னும் எத்தனை வருடம் வேண்டுமானாலும் செய்திருப்பார்.

அவள் மூச்சுதான் நின்றுவிட்டது.

இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை.

முடிவிடத்தில் காற்றடைத்த தோரணத்தை இறக்கக் காத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் கோட்டைத் தாண்டியதும் அவள் வீட்டுக்காரரும் மகளும் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். மூன்று பேரும் அழுதார்கள். பிறகு அவள் திரும்பி, அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"என்னால உங்களுக்கும் லேட்டு. சீக்கிரம் போங்க சார், வீட்ல தேடுவாங்க."

அவர் தலையாட்டினார்.

ஏற்பாட்டாளர் ஒருவர் வந்து முதுகிலிருந்த கொடியை உருவிக்கொண்டார். "முடிஞ்சுது சார். கிளம்பலாம்."

கால்கள் கொஞ்சமும் களைக்கவில்லை. பாழாய்ப்போன கால்கள்.

அவர் திரும்பி, தான் வந்த சாலையைப் பார்த்தார். அது வெறிச்சென்று கிடந்தது.

"இன்னும் யாராவது வரணுமா?" என்று கேட்டார்.