முட்டைச் சக்கரம்

கான்ட்ராக்ட் ஆட்கள் என்றாலே சந்தியாகுவுக்கு இளக்காரம். அதிலும் வடக்குத்து கிராமத்திலிருந்து சைக்கிள் மிதித்து வரும் அபியெல்லாம் கம்ப்யூட்டரில் சுரங்க மெஷின் வரைவதாவது!

நெய்வேலியின் அந்தத் தனியார் சாஃப்ட்வேர் ஆபீசில், அவளுடைய கான்ட்ராக்டை நீட்டிப்பதா என்று அன்று முடிவாக வேண்டும். மேனேஜர் எவாஞ்சலின் முன்னால் அபி ஒரு புரோகிராமைத் திறந்தாள். சின்ன விண்டோவுக்குள் நிலக்கரி தோண்டும் சக்கரம் வட்டமாகச் சுற்றியது.

சந்தியாகு மவுசைப் பிடுங்கி, விண்டோவின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். சக்கரம் இழுபட்டு முட்டையானது.

"பாருங்க மேடம், முட்டை! விண்டோ அகலமானா படத்தோட அளவை மறுபடி கணக்குப் போடணும். அரிச்சுவடி இது! இதை எழுதின மண்டையில வெறும் களிமண்ணு. இன்னிக்கே வீட்டுக்கு அனுப்புங்க."

"நிச்சயமாவா?"

"ஒரு நிமிஷம்கூட வச்சிருக்கக் கூடாது."

"முழுசா பெரிசாக்குங்க சார்," என்றாள் அபி.

பெரிதாக்கினார். அதுவரை மறைந்திருந்த கடைசி வரி அடியில் தெரிந்தது: 'உருவாக்கியவர்: சந்தியாகு, சீனியர் இன்ஜினியர்.'

"போன வருஷம் நீங்க பரிசு வாங்கின புரோகிராம்," என்றார் எவாஞ்சலின். "அப்புறம் திறந்தே பார்க்கலையா?"

சந்தியாகு மவுசைத் தள்ளி வைத்தார். "சத்தியமா நான் எழுதினது இல்ல மேடம்! அபி எழுதினது!"

"ஆமாங்க மேடம், நான்தான். விண்டோ அளவு மாறினா பார்த்துக்கறதுக்கு நாலு வரியும் எழுதியிருந்தேன். இதெல்லாம் எதுக்குன்னு அழிச்சிட்டு, அந்த எடத்துலதான் சார் தன் பேரைப் போட்டுக்கினாரு."