வெட்டக் கூடாத பெட்டி

"நான், எடை போட வந்த இரும்புக் கடைக்காரர், யார்டு காவலாளி, அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்த சம்சாரம். நாலு பேர். வேற யாரும் ஏறலியே?" என்று கேட்டுவிட்டு, அதிகாரி பழைய ரயில் பெட்டிக்குள் காலை வைத்தார்.

காவலாளியும் மனைவியும் படியில் காலைத் துடைத்துவிட்டு ஏறினார்கள்.

"வெட்டப் போற பெட்டிக்கு எதுக்குய்யா இந்த மரியாதை?" என்றார் இரும்புக் கடைக்காரர்.

வெட்டுவதா, வைத்துக்கொள்வதா என்று அதிகாரி அன்றே முடிவு சொல்ல வேண்டும். வெட்டுகிற ஆட்கள் கேஸ் சிலிண்டரோடு வெளியே காத்திருந்தார்கள். வெட்டக் கூடாது என்பது காவலாளியின் கட்சி. ஏன் என்று கேட்டால், பழகிவிட்டது என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

"பழகிடுச்சுன்னு ரிப்போர்ட்ல எழுத முடியாது. இதுக்கு ஏதாவது சரித்திரம் இருக்கா?"

இருந்தது. காவலாளி சொன்னார். பெட்டி பிறந்தது முதல் வகுப்பாக. தேக்குப் பலகை, தோல் மெத்தை, சுருட்டுப் பிடிக்கிற பெரிய மனிதர்கள். தோல் கிழிந்ததும் மூன்றாம் வகுப்பு. ஆடும் கோழியும் டிக்கெட் இல்லாமல் வந்தன. அப்புறம் சாப்பாட்டுப் பெட்டி. அப்புறம் தண்டவாளம் பழுது பார்ப்பவர்கள் படுக்கிற வண்டி. கடைசியில் ஒரு நாள் இஞ்சின் இதைக் கழற்றிவிட்டுப் போனது. போனது போனதுதான்.

"எல்லாப் பெட்டிக்கும் இதே கதைதான் சார்" என்றார் இரும்புக் கடைக்காரர். "யானை செத்தாலும் ஆயிரம் பொன். ஆனா அழுகறதுக்குள்ள வித்துடணும்."

அதிகாரி தலையாட்டினார். காவலாளிக்கு வியர்த்தது.

"பலகையை மோந்து பாருங்க சார். சாப்பாட்டுப் பெட்டியா இருந்தப்ப வதக்கின வெங்காயம். இன்னும் போகல."

அதிகாரி மூக்கை வைத்தார். முகம் மாறியது. இரும்புக் கடைக்காரரும் முகர்ந்து, "அட, ஆமா" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக வருந்தினார்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். காவலாளிக்கு வாய் திறந்துகொண்டது. மேல் பலகையில் ஒரு மந்திரி அசந்து தூங்கி, இறங்க வேண்டிய ஊரைத் தாண்டிப்போய்ப் பதவியை இழந்தார். இந்த ஜன்னலோரம் ஒரு ராஜா அழுதார். எந்த ராஜா என்று அதிகாரி கேட்டார். அழுதுகொண்டிருந்ததால் பெயரைச் சொல்லவில்லை என்றார் காவலாளி.

அதிகாரி பேனாவை மூடினார். அப்போதுதான் மனைவி வாயைத் திறந்தாள்.

"இதுல ஒரு பிரசவம் நடந்திருக்கு சார். பொம்பளப் பிள்ளை. பேய் மழை, வெளிய முழங்கால் தண்ணி. டாக்டர் இல்ல, நர்ஸ் இல்ல. பெத்தவ இந்தக் கம்பியைத்தான் பிடிச்சுக்கிட்டா."

அவள் கம்பியைத் தொட்டுக் காட்டிய விதத்தில் பொய் இல்லை.

"ஓடுற வண்டியிலயா?" என்றார் அதிகாரி.

"ஓடுற வண்டியிலதான்" என்றார் காவலாளி அவசரமாக.

"முழங்கால் தண்ணியில ரயில் ஓடிச்சா?" என்றார் இரும்புக் கடைக்காரர்.

"மெதுவா ஓடிச்சு."

அதிகாரி மறுபடி பேனாவைத் திறந்து வெகுநேரம் எழுதினார். வெட்டுகிற ஆட்களைத் திருப்பி அனுப்பச் சொன்னார். இரும்புக் கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார். காவலாளி மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இனிமே இது மியூசியத்துச் சொத்து" என்றார் அதிகாரி. "நாளைக்கு வந்து இழுத்துட்டுப் போவாங்க. அதுவரைக்கும் ஈ காக்கா உள்ள போகக் கூடாது."

பெட்டி இங்கேயே நிற்கட்டுமே என்று காவலாளி கெஞ்சிப் பார்த்தார். ராஜா அழுத பெட்டியை முள்ளுக்காட்டில் விட முடியாது என்று சொல்லிவிட்டார் அதிகாரி. இருவரையும் இறங்கச் சொன்னார்.

"வீடு எங்கன்னு சொல்லுங்க, ஜீப்ல கொண்டுபோய் விடறேன்."

"பக்கத்துலதான் சார்" என்றார் காவலாளி.

பாயும் பாத்திரமும், பள்ளிக்கூடம் விட்டு வரப்போகிற மகளின் மாற்றுத் துணியும் சீட்டுக்கு அடியில் கிடக்க, அந்த மகள் பிறந்து வளர்ந்த ஒரே வீட்டின் கதவை, அவர்கள் முதுகுக்குப் பின்னால் இழுத்துச் சாத்திப் பூட்டினார் அதிகாரி.