கடிதம் இல்லாதவள்

"படிப்பு முடிந்ததும் வேலை தருகிறேன் என்று யாராவது கடிதம் கொடுத்திருக்கிறார்களா?" அதிகாரி ஐயாசாமி தலை நிமிராமல் கேட்டார்.

"வேலை இல்லாததால்தானே மிஸ்யே, தையல் கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன்?" என்றாள் பூங்காவனம்.

கரும்புத் தோட்டத்தில் ஆள் குறைத்தபோது அவளையும் நிறுத்திவிட்டார்கள். நான்கு மாதமாகக் கூலி இல்லை. அரசாங்கத் தையல் பயிற்சியில் சேர அன்றுதான் கடைசி நாள்.

"செமின் கிரனியே ஊரில் எல்லாத் தையல் கடையிலும் கேட்டுவிட்டேன். 'கற்றுக்கொண்டு வா' என்கிறார்கள். நீங்கள் 'வேலையோடு வா' என்கிறீர்கள்!"

"இங்கே படித்தவர்கள் மறுமாதமே வேலையில் இருக்க வேண்டும். ஒருவர் சும்மா இருந்தாலும் என் பதவி உயர்வு போச்சு."

வரிசையில் பின்னால் நின்ற சுசெத் என்ற பெண் ஒரு கடிதத்தை நீட்டினாள். ஐயாசாமியின் முகம் மலர்ந்தது.

"வா, சுசெத்! இங்கே கையெழுத்துப் போடு."

பூங்காவனத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இவள் தெனிஸின் தையல் கடையில் ஐந்து வருடமாகத் தைக்கிறாள்! தெரிந்தவளுக்கே சொல்லிக்கொடுக்க ஒரு பள்ளிக்கூடமா? சுதந்திரம் வரப்போகிறது, எல்லாருக்கும் தொழில் என்று மேடையில் முழங்கினீர்களே!"

சுசெத்தின் பக்கம் திரும்பினாள். "உனக்கு வெட்கமாயில்லை?"

சுசெத் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"இன்னும் ஓர் இடம் இருக்கிறதே, மிஸ்யே?" என்றாள் பூங்காவனம்.

"கடிதத்தோடு யாராவது வருவார்கள். நீ போம்மா."

பூங்காவனம் வாசலுக்குப் போய்விட்டாள்.

"நில்லுங்கள், மதாம்!" சுசெத் பேனாவைக் கீழே வைத்தாள். "மிஸ்யே, இதே படிப்புக்கு மூன்றாவது தடவையாக வருகிறேன். ஒவ்வொரு தடவையும் நீங்கள்தான் கடைக்கு வந்து கெஞ்சி அழைத்தீர்கள். இவரைச் சேர்க்காவிட்டால், படிப்பு முடிகிற அன்றே கடை வேலையை விட்டுவிடுவேன். அறிக்கையில் என்னைப் பற்றி என்ன எழுதுவீர்கள்?"

"விளையாடாதே, சுசெத்."

"படிப்பு முடிகிற நாளன்று பாருங்கள்."

ஐயாசாமி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பதிவேட்டில் பூங்காவனத்தின் பெயரை எழுதினார்.

பூங்காவனம் தலைகுனிந்தாள். "தெரியாமல் திட்டிவிட்டேன், அம்மா."

"திட்டியது சரிதான், மதாம். போன இரண்டு தடவையும் உங்களைப் போல் ஒருத்தி அழுதுகொண்டு திரும்பினாள். நான் பேசாமல் கையெழுத்துப் போட்டேன்."