திறப்பு

தன் மாளிகையின் நிழல் தண்ணீரில் அழகாக விழ வேண்டும் என்று ஜமீன்தார் ஊர்க்குளத்தைத் தோட்டத்துக்குள் வளைத்து, வயலுக்குத் தண்ணீர் பாயும் மடையை அடைத்தபோது, எதிர்த்து ஜெயிலுக்குப் போனவன் தவசிக்கண். இன்று தோட்டம் பொதுப் பூங்கா. அவன் ஊராட்சித் தலைவர்.

"ஞாயித்துக்கிழமை திறப்பு, அக்கா. எல்லாரையும் கூட்டிட்டு வந்துரு" என்று தம்பி தவசிக்கண் சொன்னதும் முத்துப்பேச்சி வேறொன்றும் கேட்கவில்லை. வயலில் கிடப்பவர்களுக்குத் திறப்பு என்றால் மடைத் திறப்புதான். பெண்கள் தேங்காயும் சூடமுமாக நேரே மடைக்குப் போனார்கள். மடைவாயில் புது சிமெண்ட் பூசி, மேலே அன்னப்பறவைப் படகுகளுக்குப் படிக்கட்டு கட்டியிருந்தது.

வாசலில் ரிப்பன் வெட்டிவிட்டுத் தவசிக்கண் சிரித்தபடி வந்தான். "தண்ணி வத்துனா படகு எப்படிக்கா ஓடும்? ஏறு, உனக்கு டிக்கெட் வேண்டாம்."

"அடைச்சது ஜமீன்லா? நீ எப்பலே பூசுன?"

அவன் கேமராக்காரர்கள் பக்கம் திரும்பிக்கொண்டு, "குலவை போடுங்கக்கா" என்றான்.

முத்துப்பேச்சி சிமெண்டின்மேல் சூடத்தைக் கொளுத்தினாள். பிறகு மாரில் அடித்துக்கொண்டு, எதிரே நிற்கும் தம்பியின் பேரைச் சொல்லி ஒப்பாரி எடுத்தாள். படகுக்கு வரிசையில் நின்றவர்கள் கலைநிகழ்ச்சி என்று கைதட்டினார்கள். தவசிக்கண்ணும் தட்ட வேண்டியிருந்தது.